மஞ்சள் சட்டைக்காரரும் நாற்பத்தேழாவது ஷாட்டும்

1. மூன்று ராஜினாமா

ஒரு திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு என் டீமில் மூன்று பேர் வேலையை விட்டார்கள். மூன்று மெயிலும் ஒரே மாதிரி இருந்தன. ஒருவர் எழுதியதை மற்ற இருவரும் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பது எழுத்துப் பிழைகளிலேயே தெரிந்தது. ஹைதராபாத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஸ்டூடியோ அவர்களை மொத்தமாக அழைத்துக்கொண்டது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த வயதில் நானும் போயிருப்பேன்.

நான் கம்பாசிட்டிங் சூப்பர்வைசர். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு டைல்ஸ் ஷோரூமுக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் ஸ்டூடியோ. சினிமாவில் கேமராவில் எடுத்தது ஒன்று இருக்கும், கம்ப்யூட்டரில் செய்தது ஒன்று இருக்கும். இரண்டையும் சேர்த்து, ஒரே இடத்தில் ஒரே வெயிலில் எடுத்ததுபோல ஆக்குவதுதான் கம்பாசிட்டிங். சரியாகச் செய்தால், அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் வேலையை விளக்கிச் சொல்வதும் கஷ்டம். என் அம்மா பக்கத்து வீட்டில், "ஸ்டெல்லா சினிமால ஒட்டுற வேலை பாக்குறா" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். ஒரு வகையில் சரிதான்.

அப்போது எங்கள் கையில் இருந்தது ஒரு சிறுவர் படம். சதுப்பு நிலத்தை ஒட்டிக் குடியிருக்கும் ஒரு சின்னப் பெண்ணுக்கும், சிறகு அடிபட்ட ஒரு கூழைக்கடாவுக்கும் உண்டாகும் நட்பு. பள்ளிக்கரணையில் நிஜமான சேற்றிலும் நாணலிலும் படம் எடுத்திருந்தார்கள். பறவை மட்டும் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர். நூற்றுச் சொச்சம் ஷாட். ஏழு வாரத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் இந்த மூன்று மெயில்.

புரொடக்ஷன் ஹெட் ராகவன் சார் என் மேஜைக்கு வந்து நின்றார். அவர் சத்தம் போட மாட்டார். அதுதான் பயம்.

"ஸ்டெல்லா, இந்த வாரத்துக்குள்ள மூணு பேர் வேணும். வந்து உக்காந்த அன்னைக்கே வேலை செய்யற ஆளா பாருங்க. கத்துக்குடுக்க டைம் இல்ல."

2. பத்து விநாடி

எங்கள் தொழிலில் ரீல் என்பது ஜாதகம் மாதிரி. தான் செய்த வேலைகளில் நல்லதாகப் பொறுக்கி, ஒரு சின்ன வீடியோவாகக் கோத்துக் கொண்டுவருவார்கள். படிப்பையும் சர்டிஃபிகேட்டையும் நாங்கள் பெரிதாகக் கேட்பதில்லை. ரீலைத்தான் பார்ப்போம். பார்ப்போம் என்று சொல்வதுகூடப் பாதிப் பொய். முதல் பத்து விநாடி பார்ப்போம். அதற்குள் கை வேலை தெரிந்துவிடும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமைக்குள் அறுபதுக்கு மேல் ரீல் வந்து குவிந்தன. ஒரே இன்ஸ்டிட்யூட்டில் படித்த ஒன்பது பேர் ரீலிலும் ஒரே ரோபோ ஒரே மேம்பாலத்தில் நடந்து போயிற்று. இன்னொருவர் போட்டிருந்த வெள்ளக் காட்சி எங்கள் ஸ்டூடியோவிலேயே செய்தது. அதைச் செய்த அஸ்வின் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அஸ்வின் என் லீட் ஆர்ட்டிஸ்ட். இருபத்தாறு வயது, கெட்டிக்காரன், பொறுமை கிடையாது.

நேரில் வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். நாங்கள் உள்ளே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். மாலை நாலு மணி வாக்கில் டில்லிபாபு என்று பெயரெழுதிய பென் டிரைவைச் செருகினான் அஸ்வின்.

திரை நிறைய ஒரு ரோஜாப்பூ விரிந்தது. உள்ளே இருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் கைகூப்பிக்கொண்டே எழுந்து வந்தார்கள். அடுத்து, பனிமலை. மலைக்கு மேலே அதே ஜோடி, மேகத்தில் உட்கார்ந்தபடி. அடுத்து ஒரு அன்னம், அதன் முதுகில் நிச்சயதார்த்தத் தட்டு. பின்னணியில் நாதஸ்வரம். அஸ்வின் முதலில் வாயைப் பொத்திக்கொண்டான், அப்புறம் முடியவில்லை. அறையில் இருந்த நான்கு பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"மேம், கல்யாண வீடியோ மிக்ஸிங் பண்றவரு போல. நம்ம விளம்பரத்தப் பாத்து வந்துட்டாரு," என்று அஸ்வின் மவுஸை நகர்த்தினான். அப்போது ராகவன் சார் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். ரீலை நிறுத்தாமலே எழுந்து போய்விட்டோம்.

ஐந்து நிமிடம் கழித்து நான் மட்டும் திரும்பி வந்தேன். ரீல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாதஸ்வரம் இல்லை, பூ இல்லை. ஒரு கல்யாணப் பந்தி. வாழை இலை வரிசை, சாப்பிடும் ஆட்கள், பரிமாறுகிறவர்கள், சாதாரண மண்டபச் சத்தம். பத்துப் பதினோரு விநாடி. அதோடு ரீல் முடிந்தது.

இதில் வேலை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. திரும்பப் போட்டேன். பின்னணி மாற்றியிருக்கிறாரா, சுவரில் எதையாவது அழித்திருக்கிறாரா என்று ஓரங்களைத் தேடினேன். ஒட்டு இருக்கும் இடத்தில் ஓரம் கொஞ்சம் நடுங்கும். இருபது வருஷமாக அந்த நடுக்கத்தைத் தேடித்தான் சம்பளம் வாங்குகிறேன். மூன்று முறை பார்த்தும் கிடைக்கவில்லை.

கதவைத் திறந்து, "டில்லிபாபு யாருங்க?" என்றேன்.

3. ரசம் வாளி

நாற்பத்து மூன்று வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டில் பதினெட்டு வருஷம் வீடியோ கடை வைத்திருந்தவர். உட்காரச் சொன்னாலும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

"இந்தக் கடைசி ஷாட்ல நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"தெரிலியா மேடம்?" என்றார், பயந்தவர்போல. பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்து வந்து திரையில் விரலை வைத்தார். "தோ, பின்னாடி. மஞ்ச சட்ட. ரசம் வாளி எத்துகினு போறாரு பாருங்க. அவரு அங்க இல்ல."

அந்த மஞ்சள் சட்டைக்காரரை அப்போதுதான் பார்த்தேன். பந்தியின் கடைக்கோடியில், பாதி மங்கலாக, குனிந்து யாருக்கோ ரசம் ஊற்றிவிட்டு நிமிர்ந்து சிரிக்கிறார்.

"அவரு பொண்ணோட அப்பா மேடம். கல்யாணத்துக்கு எட்டு மாசம் முன்னாடி போய்ட்டாரு. வூட்ல வந்து, அவர மேடைல நிக்க வெச்சு பொண்ணுக்கு ஆசீர்வாதம் பண்ற மாரி போட்டுக் குடுன்னு கேட்டாங்க. எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. நானும் பழைய போட்டோ, வீடியோ எல்லாம் வாங்கிப் பாத்தேன். பாத்தா, அந்த மனுசன் ஒரு கல்யாணத்துல கூட மேடை ஏறல மேடம். எல்லாத்துலயும் பந்திலதான் கீறாரு. வாளியும் கையுமா. அவங்க வூட்டம்மாவாண்ட கேட்டேன். ஆமா தம்பி, அவரு சாப்பாட்டு எடத்த வுட்டு வரவே மாட்டாருன்னாங்க. அப்போ நான் மேடைல நிக்க வெச்சா அது வேற யாரோ தானே?"

உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில் எடுத்த பழைய வீடியோவிலிருந்து அவரை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கையால் வெட்டி எடுத்திருக்கிறார். எங்கள் ஸ்டூடியோவில் அதற்குத் தனியாக ஒரு டீமே உண்டு. அந்த மண்டபத்தில் பழைய டியூப்லைட், இதில் எல்.இ.டி. அதனால் நிறத்தை மாற்றி, ஆளைத் தூரத்தில் வைத்து, ஃபோகஸைத் தளர்த்தியிருக்கிறார்.

"அப்பவும் ஒட்டுன மாரிதான் இருந்துச்சு மேடம். அப்பால இந்தப் பந்தில தண்ணி ஊத்தினு போற பையன் ஒருத்தன வெட்டி எடுத்து, அவருக்கு முன்னாடி தாண்டிப் போக வுட்டேன். முன்னாடி ஒரு ஆளு மறைச்சாதான் பின்னாடி கீறவரு நெஜமா நிப்பாரு."

இதை நான் பல வருஷம் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். அவர் அதை முடிச்சூர் ரோட்டில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"நான் சொல்லவே இல்ல மேடம். குடுத்துட்டு வந்துட்டேன். மூணு நாள் கழிச்சு போன் வந்துச்சு. மூணாவது வாட்டி பாக்கறப்போதான் கண்டுபுடிச்சிதாம். அப்பால, 'அண்ணா, அப்பா சாப்டாரா?'ன்னு கேட்டுச்சு." சொல்லிவிட்டு ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பென் டிரைவைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். "கடைய ஏன் மூடிட்டீங்க?"

"இப்போ எல்லாம் ட்ரோன் கேக்கறாங்க மேடம். எனக்கு ஆளுங்க மூஞ்சி பாத்துதான் வேலை தெரியும். மேலேந்து பாத்தா எல்லாரும் வெறும் மண்டதான்."

4. ஆறு ஷாட்

ராகவன் சாரிடம் சண்டை போட வேண்டியிருந்தது.

"நம்ம சாஃப்ட்வேர் அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். பழைய எடிட்டிங் சாஃப்ட்வேர்ல லேயர் மேல லேயர் வச்சுப் பண்ணியிருக்கார்."

"வயசு நாப்பத்து மூணு. பசங்களுக்கு நடுவுல எப்படி உக்காருவார்? நான் என்ன கேட்டேன், நீங்க யாரக் கூட்டிட்டு வரீங்க?"

"மூணு மாசம் பாக்கலாம் சார்."

"சரி. உங்க ரிஸ்க்," என்றார். அந்த வார்த்தையை மெயிலிலும் எழுதினார்.

மற்ற இரண்டு இடத்துக்கு அனுபவம் உள்ள இருவர் கிடைத்தார்கள். மூவரும் ஒரே நாளில் சேர்ந்தார்கள். முதல் இரண்டு வாரம் டில்லிபாபு மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டினார். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாளாம். அவளிடம் ஆங்கிலச் சொற்களைக் கேட்டு ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வருவார். மூன்றாவது வாரம் அவருக்கு ஆறு எளிய ஷாட் கொடுத்தேன். பறவை தூரத்தில் நிற்கும் ஷாட்கள்.

சினிமா கேமராவிலிருந்து வரும் படம் வெளுத்துப் போனதுபோல இருக்கும். பின்னால் நிறத்தைச் சரிசெய்ய வசதியாக வேண்டுமென்றே அப்படி எடுப்பார்கள். நாம் வேலை செய்தபின் அதே வெளுப்போடுதான் திருப்பித் தர வேண்டும். இது எங்கள் தொழிலின் முதல் பாடம். முதல் பாடம் என்பதாலேயே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நானும் டில்லிபாபுவுக்குச் சொல்லவில்லை.

அவர் அந்த வெளுத்த படத்தைப் பார்த்திருக்கிறார். பாவம், கேமராமேன் ஏதோ தப்புப் பண்ணிவிட்டார் என்று நினைத்து, ஆறு ஷாட்டையும் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்துவிட்டார். சேறு சாக்லேட் போல, நாணல் கிளிப்பச்சையாக. கல்யாண ஆல்பத்துக்கு வைத்தால் அள்ளிக்கொண்டு போகும்.

வெளியே அனுப்பும் முன் ஒவ்வொரு ஷாட்டையும் திறந்து பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டியவள் நான். அன்று நாற்பது ஷாட் வரிசையில் நின்றன. அந்த ஆறும் எளிய ஷாட்தானே என்று திறக்காமலே டிக் அடித்தேன்.

மறுநாள் டைரக்டர் அலுவலகத்திலிருந்து வந்த போன், எடுத்த ராகவன் சாரின் காதைத் தாண்டி எனக்குக் கேட்டது. போனை வைத்ததும் அவர் எல்லோரையும் கூட்டி வைத்து, "இத யார் பண்ணது?" என்று கேட்டார்.

ஷாட்டின் மேல் டில்லிபாபு பெயர் இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் பேசியிருக்க வேண்டிய நேரம் அது. பேசவில்லை. 'உங்க ரிஸ்க்' என்ற மெயில்தான் நினைவுக்கு வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அஸ்வின்தான் பேசினான். "அண்ணா, இது கல்யாண வீடியோ இல்லண்ணா."

டில்லிபாபு, "தப்புதான் சார்," என்று ராகவன் சாரைப் பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை அது. சனிக்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. நோட்டு மட்டும் மேஜைமேல் இருந்தது.

5. மலையடிவாரம்

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். பின்னணியில் மேளச் சத்தம். "திருநீர்மலைல கீறேன் மேடம். ஃப்ரெண்டு ஒடம்பு சரியில்லன்னான், அவனுக்குப் பதிலா ஒரு கல்யாணம். அப்பால பேசட்டா?"

நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திருநீர்மலைக்கே போனேன். முகூர்த்த நாள். அடிவாரத்தில் கார்களும் வேன்களும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. நான்கு கல்யாணக் கூட்டத்தைத் தாண்டி, ஐந்தாவதில் அவரைக் கண்டுபிடித்தேன். தோளில் கேமரா. அலுவலகத்தில் நாற்காலி நுனியில் உட்காரும் மனிதர் இங்கே ராஜா மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, கேமராவ இன்னாத்துக்கு பாக்கறீங்க? பொண்ண பாருங்க! அத்தே, நீங்க அழுதுக்கினே சிரிங்க, தொடைக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்!"

அத்தனை பேரும் அவர் சொன்னபடி கேட்டார்கள். என்னைப் பார்த்ததும் கேமராவை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா மேடம், இவ்ளோ தூரம்? சாப்டீங்களா? பந்தி நடக்குது, வாங்க."

"டில்லிபாபு, அஸ்வின் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"தம்பி சொன்னது தப்பில்ல மேடம். அது கல்யாண வீடியோ இல்லதான்."

"இன்னொன்னும் சொல்லணும். உங்க ரீல் போட்டப்ப நானும் சிரிச்சேன்."

"தெரியும் மேடம். கண்ணாடிக் கதவு தானே," என்றார். எனக்கு முகம் சுட்டது. அவர் முகத்தில் வருத்தம் இல்லை. "சிரிக்கத்தான் மேடம் அது. ரோஜாவுக்குள்ளேந்து நம்ம பொண்ணு வந்தா வூட்டு ஜனம் எல்லாம் கைதட்டி சிரிக்கும். அத்த நெனச்சுதான் போடுவேன். நீங்க சிரிச்சதுல எனக்கு ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கெழம நீங்க பேசாம நின்னீங்க பாருங்க, அதுதான் கொஞ்சம் பேஜாராப் பூட்ச்சி."

இருபது வருஷத்தில் மேலதிகாரிகளிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். இது திட்டு இல்லை. நாதஸ்வரம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது, தாலி கட்டும் நேரம். அவர் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"போங்க, போய் எடுங்க," என்றேன். "அந்த ஆறு ஷாட்டையும் நான் திறந்தே பாக்கல. அந்த வெளுப்ப பத்தி உங்ககிட்ட சொல்ல வேண்டியதும் நான்தான். ரெண்டும் என் தப்பு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். நீங்க வந்தாலும் சொல்லுவேன், வராட்டியும் சொல்லுவேன். வந்தா நல்லாருக்கும்."

அவர் கேமராவை வாங்கிக்கொண்டு ஓடினார். நான் அவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். பெண் வீட்டுக்காரர்கள் என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அவர் தன் இடத்தில் இருந்தார். பத்து மணி மீட்டிங்கில் நான் எழுந்து நின்று சொன்னேன். ராகவன் சார், "புதுசா வர்றவங்களுக்கு ஒரு பக்கத்துல எல்லாத்தையும் எழுதி வைங்க," என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்தை அன்று மதியமே எழுதினேன். இன்றும் எல்லா மேஜையிலும் ஒட்டியிருக்கிறது.

6. பந்தைப் பார்க்காத பாப்பா

நாற்பத்தேழாவது ஷாட் என்றால் எங்கள் மாடியில் எல்லோரும் ஓட்டம் பிடிப்பார்கள். கதையில் முக்கியமான இடம் அது. அந்தச் சின்னப் பெண் சேற்றுக் கரையில் உட்கார்ந்திருக்கிறாள். பறவை முதல்முறையாக அவள் பக்கத்தில் வந்து நிற்கிறது. அவள் பயப்படாமல் அதைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். டைரக்டர் எட்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே வரி: 'பறவை நல்லா இருக்கு, ஆனா ஒட்டல.'

அஸ்வின் இறகின் ஓரத்தைச் சரிசெய்தான். நிழலை மாற்றினான். பனிமூட்டம் சேர்த்தான். காலடியில் சேறு தெறிக்க வைத்தான். ஒன்பதாவது முறை அனுப்ப வேண்டிய புதன்கிழமை, அவன் நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது டில்லிபாபு டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இருவரும் 'குட் மார்னிங்' தவிர எதுவும் பேசியதில்லை.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா பறவையப் பாக்கல."

அஸ்வின் திரும்பாமலே சொன்னான். "இல்லண்ணா, அதெல்லாம் செக் பண்ணியாச்சு. ஷூட்டிங்ல குச்சில டென்னிஸ் பால் வெச்சி, அதப் பாருன்னு சொல்லித்தான் எடுத்தாங்க. பால் இருந்த எடத்துலதான் பறவையோட கண்ணு இருக்கு."

"குச்சிய யாரு புடிச்சிக்கினு இருந்தா?"

"யாரோ ஒரு அசிஸ்டென்ட். நாமதான் அவர அழிச்சோமே."

"அழிக்காதத கொஞ்சம் போடுங்களேன்."

அஸ்வின் மூலப் படத்தைத் திறந்தான். நாணலுக்கு நடுவே ஒரு தாடிக்கார அசிஸ்டென்ட் டைரக்டர், கையில் குச்சி, குச்சி நுனியில் பச்சைப் பந்து. பந்துக்கு ஒரு முழம் மேலே, சற்று இடதுபுறம், அவர் முகம். ஏதோ வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறார்.

"பாத்தீங்களா? கொழந்தைங்களுக்கு பூவக் காட்டி இத்தப் பாருன்னா, பூவ பாக்காது. பூவ புடிச்சிக்கினு கீறவன் மூஞ்சியத்தான் பாக்கும். எத்தினி கல்யாணத்துல பாத்துகினு கீறேன்! பாப்பா இவரத்தான் பாக்குது."

அந்தப் பெண்ணின் பார்வை முடிகிற இடத்தில் இருந்த மனிதரைத்தான் நாங்கள் நாலு நாள் செலவழித்து, துளி மிச்சமில்லாமல் அழித்திருந்தோம். அழித்த பிறகு யாரும் அவரை நினைக்கவே இல்லை.

அஸ்வின் நாற்காலியைத் திருப்பி டில்லிபாபுவைப் பார்த்தான். பறவையின் கழுத்தை உயர்த்த அனிமேஷன் டீமிடம் போனால் ஒரு வாரம் ஆகும், அது கிடையாது. "பறவைய கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்தா, பெருசாவும் தெரியும், தலையும் அவர் மூஞ்சி இருந்த எடத்துக்குப் போகும்," என்றான் அஸ்வின். ஆனால் அப்படி நகர்த்தினால் நிழல், தண்ணீரில் தெரியும் பிம்பம், காலடிச் சேறு எல்லாம் குலையும். அதையெல்லாம் புதிதாகச் செய்ய அவனால்தான் முடியும். இரண்டு நாளில் செய்தான். பறவைக்கு முன்னால் நான்கு நாணல் தண்டை அசையவிட்டது டில்லிபாபு.

வெள்ளிக்கிழமை அனுப்பினோம். சனிக்கிழமை காலை டைரக்டரிடமிருந்து பதில் வந்தது, அதுவும் ஒரு வரிதான்: 'இப்ப ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க.'

அஸ்வின் மன்னிப்புக் கேட்டானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரத்திலிருந்து எந்த ஷாட்டை அனுப்பும் முன்பும், "அண்ணா, ஒரு நிமிஷம் பாருங்க," என்று அவன் குரல் கேட்கும். டில்லிபாபுவும் வெளுத்த படம் எதைப் பார்த்தாலும், "தம்பி, இது அப்படியே இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்.

மூன்று மாதம் முடிந்ததும் ராகவன் சார் அவரை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் சிரித்தால் இடது மீசை மட்டும் கொஞ்சம் உயரும். அது உயர்ந்தது.

7. கடைசி இருபது விநாடி

அடுத்த முறை ஆள் எடுத்தபோது டில்லிபாபுவை என்னோடு உட்கார வைத்தேன். மாடிப்படி நிறையப் பிள்ளைகள். வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தது என் தப்பு. அவர் ஒவ்வொரு ரீலையும் கடைசி வரை பார்த்தார். படு மோசமானதையும் பார்த்தார். மதியத்துக்குள் அஸ்வின் பொறுமை இழந்துவிட்டான்.

"அண்ணா, இப்படிப் பாத்தா பொங்கல் வந்துடும்."

டில்லிபாபு சொன்னார்: "மொதல்ல எல்லாம் ஊரு இன்னா கேக்குதோ அத்தத்தான் போடுவாங்க தம்பி. தனக்குப் புடிச்சத கடசிலதான் வெப்பாங்க. அதுக்கு அவங்களுக்கே அப்பதான் தைரியம் வரும்."

மூன்று மணிக்குக் கோவளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் மகேஸ்வரி. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். ரீலின் முக்கால் பாகம் இன்ஸ்டிட்யூட்டில் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சி ஷாட்கள். குறையும் இல்லை, உயிரும் இல்லை. கடைசி இருபது விநாடியில் கோவளம் கடற்கரை, மீன் ஏலம். கூடை முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். ஒரு காக்கா வந்து கூடை விளிம்பில் உட்காருகிறது. அந்த அம்மா சட்டென்று கையை வீசி விரட்டுகிறார். காக்கா ஒரு மீனைக் கவ்விக்கொண்டு பறக்கிறது.

"இதுல நீ என்னம்மா பண்ண?" என்று கேட்டேன்.

"காக்கா நான் போட்டது மேம். அங்க காக்காவே இல்ல. எங்கம்மா ஈ விரட்டிக்கினு இருந்தாங்க. அந்தக் கையப் பாத்தேன், காக்கா விரட்டற மாதிரியே இருந்துச்சு. அதான்..." குரல் தேய்ந்தது. "இன்ஸ்டிட்யூட்ல இத ரீல்ல வெக்காதன்னாங்க. தூக்க மனசு வரல."

அஸ்வின் ரீலைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை பார்த்தான். பிறகு இன்னொரு முறை. டில்லிபாபு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் அவள் பெயரை எழுதி முடிக்கும்வரை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கிறவர்களில் நாளைக்கு ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் இருந்தால், கடைசி வரை பாருங்கள் என்பேன். பத்து விநாடியில் எத்தனை பேரை நான் தள்ளிவிட்டேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. இல்லாததே நல்லது. ரீலோடு படியேறி வரப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு ஒன்று இருக்கிறது. உங்கள் காக்காவை முதலில் வையுங்கள். எல்லா ஸ்டூடியோவிலும் டில்லிபாபு உட்கார்ந்திருக்க மாட்டார்.